ஏழு மணி மின்சாரமும் பன்னிரண்டு மணி மின்சாரமும்: இலங்கை எதை முதலில் செய்யலாம்?

சின்ன வயதிலிருந்து மின்சாரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் கேட்ட ஒரே அறிவுரை "ஆளில்லாத அறையில லைட் எரியக் கூடாது" என்பதுதான். மின்சார சபையும் அதையேதான் வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தது. 2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, அதே சபை புதிதாக ஒன்று கேட்டது: கூரையில் சோலர் வைத்திருப்பவர்கள் பகல் 3 மணி வரை அதை நிறுத்தி வையுங்கள். தொழிற்சாலை பூட்டு, கந்தோர் பூட்டு, வெயிலோ கொளுத்துகிறது. வரும் மின்சாரத்தை எடுக்க ஆளில்லை. சூரியன் இறங்கியதும் அதே வீடுகள் வழக்கம்போலப் பொது வலையமைப்பிடம் கை நீட்டின.

அந்த அறிவிப்பை வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. "மின்சாரத்தைச் சேமியுங்கள்" என்ற வாசகத்தில் ஒரு சொல் குறைகிறது: எப்போது? இரவு ஏழு மணிக்கு மிச்சம் பிடிக்கும் ஒரு அலகுக்கும் ஞாயிறு நண்பகலில் மிச்சம் பிடிக்கும் ஒரு அலகுக்கும் எங்கள் பில்லில் ஒரே விலைதான். நாட்டுக்கு முதலாவது லாபம்; இரண்டாவது சில நாட்களில் தொல்லை.

சரி, தீர்மானிக்க வேண்டியது இது. அடுத்த நாலைந்து வருடங்களுக்குக் கையில் இருக்கும் கொஞ்சக் காசை, மாலை உச்சத் தேவையைச் சமாளிக்க, எதில் போடுவது? மேசையில் இருப்பவை: எண்ணெயிலோ வாயுவிலோ ஓடும் இன்னொரு நிலையம், பற்றரி, மகா ஓயா நீரேற்று மின்நிலையம், இந்தியாவுக்கு ஒரு மின்வடம், நேரத்துக்கு ஏற்ற கட்டணம், குறைந்த மின்சாரத்தில் ஓடும் சாதனங்கள். இவற்றில் எதையும் செய்யாவிட்டால் தானாக வந்து வாசலில் நிற்கும் ஏழாவது தெரிவும் உண்டு. அது மின்வெட்டு.

ஒவ்வொன்றிடமும் நான் கேட்பது மூன்று கேள்விகள். ஏழு மணிக்கு உண்மையில் கைகொடுக்குமா? மாதாமாதம் டொலர் கேட்குமா? ஞாயிறு நண்பகலை மோசமாக்குமா, நல்லதாக்குமா? மூன்றாவது கேள்வி பத்து வருடத்துக்கு முன் யாருக்கும் தோன்றியிருக்காது.

சின்ன வலை, பெரிய மீன்

இந்தியாவுக்கோ ஜெர்மனிக்கோ பொருந்தும் பதில் இங்கே அப்படியே பொருந்தாது. இலங்கையின் மாலை உச்சத் தேவை ஏறத்தாழ 3,000 மெகாவாட். கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் உச்சம் மட்டுமே 2024 மே 2ஆம் திகதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாநிலத்துக்குப் பின்னால் முழு இந்திய வலையமைப்பும் நிற்கிறது. எங்களுக்குப் பின்னால் கடல்தான். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் மூன்று இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 300 மெகாவாட். ஒன்று விழுந்தால் உச்ச நேரத்தில் நாட்டின் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் ஒரு நொடியில் போய்விடும். ஞாயிறு காலையில் என்றால் பங்கு இன்னும் பெரிது.

2025 பெப்ரவரி 9 அப்படியொரு ஞாயிறு. முற்பகல் பதினொரு மணி தாண்டியதும் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் முட்டியது. நாடு முழுக்க இருண்டது. குரங்கை வைத்து ஊரெல்லாம் சிரித்தோம். குரங்கும் அணிலும் பாம்பும் உலகம் முழுக்க உப மின்நிலையங்களில் ஏறத்தான் செய்கின்றன. ஒரு குரங்கு ஒரு நாட்டையே அணைத்ததற்குக் காரணம் அந்த நேரம். விடுமுறை நாள், தேவை குறைவு, ஓடிய மின்சாரத்தில் பாதியளவு சூரியசக்தி.

கால் தையல் மெஷினில் மிதிப்பதை நிறுத்தினாலும் சில்லு கொஞ்ச நேரம் தானாகச் சுற்றும் அல்லவா? பெரிய நீர்மின், அனல்மின் நிலையங்களின் சுழலிகளும் அப்படித்தான். எங்கோ ஒரு தடங்கல் வந்தால் அந்தச் சுற்று சில நொடி தாங்கிக்கொடுக்கும். அதற்குள் மற்ற நிலையங்கள் பிடித்துக்கொள்ளும். சோலர் தகட்டில் சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை. வலையமைப்பின் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண் ஆடத் தொடங்கினால், தன்னைக் காக்க அது உடனே கழன்றும் விடும். அன்று நுரைச்சோலையும் நின்றது. பெரிய அனல்மின் நிலையத்தை மறுபடி கிளப்ப நாள் கணக்காகும் என்பதால் அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேரம் முறைவைத்து மின்வெட்டு.

ஆகவே எங்கள் பிரச்சினைக்கு இரண்டு முனை. மாலை ஏழு மணிக்குப் பற்றாக்குறை, பகல் பன்னிரண்டு மணிக்கு நோஞ்சான் வலையமைப்பு. ஒரு முனையை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவு மற்ற முனையில் வந்து குத்தும்.

மின்வெட்டு, அப்புறம் கடிகாரம்

மின்வெட்டுக்குச் செலவில்லை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. 2022 மார்ச் 31 அன்று 13 மணி நேரம் வெட்டினார்கள்; எண்ணெய் வாங்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. அந்த மாதங்களில் வசதியுள்ளவன் இன்வேர்ட்டரும் பற்றரியும் வாங்கினான், கடைக்காரன் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி வரிசையில் நின்றான், ஐஸ்கிறீம் விற்றவன் தொழிலை விட்டான். சபையின் கணக்கில் ஏறாத அந்தச் செலவெல்லாம் ஊரின் கணக்கில் ஏறியது. இன்னொன்றும் உண்டு: கரண்ட் வந்ததும் எல்லா வீட்டு ஃபிரிட்ஜும், தண்ணீர் மோட்டரும், இன்வேர்ட்டர் சார்ஜும் ஒன்றாகத் தொடங்கும். வெட்டியதில் ஒரு பங்கு அடுத்த அரை மணியில் திரும்பி வந்து தலையில் ஏறும்.

இதைவிட விசித்திரமான ஒன்றையும் இந்த நாடு செய்து பார்த்திருக்கிறது. 1996இல் மழை பொய்த்து மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றின. அப்போது நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரிய பங்கு நீரிலிருந்துதான். மே 25ஆம் திகதி அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. ஒக்டோபர் 26இல் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் 15 வரை, பத்து வருடத்துக்குக் கிட்ட, அப்படியே கிடந்தது. எல்லாரும் சற்று முன்னதாக எழும்பி முன்னதாகப் படுத்தால் மாலை விளக்கு எரியும் நேரம் சுருங்கும் என்பது கணக்கு. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்தையே வைத்துக்கொண்டது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கைக்கடிகாரத்தில் அரை மணி மாறும். "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று கேட்காமல் யாரோடும் எதையும் பேசி முடிக்க ஏலாது.

நையாண்டிக்காக இதைச் சொல்லவில்லை. தேவையை ஒரு நேரத்திலிருந்து இன்னொரு நேரத்துக்கு நகர்த்த வேண்டும் என்று 1996இலேயே புரிந்திருந்தது, புரிந்தது சரி. கையில் எடுத்த கருவிதான் பிசகு. கடிகாரம் எல்லாரையும் ஒரே மாதிரி நகர்த்தும், மின்சாரமே இல்லாத வீட்டையும் சேர்த்து. மாலையில் அணைந்த விளக்கு விடியலில் எரிந்தது. இருட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் முறைப்பட்டார்கள்.

இன்னொரு எண்ணெய் நிலையம்

இதை நான் சீக்கிரமாகவே ஒதுக்குவேன். ஏழு மணிக்குக் கட்டாயம் கைகொடுக்கும், அதில் குறை சொல்ல முடியாது. தடங்கலைச் சில நொடி தாங்கும் சுழலும் பாரமும் தரும். ஆனால் நாளுக்கு நாலு மணி நேரம் ஓடுவதற்காக ஒரு முழு நிலையத்தைக் கட்டி, மிச்ச இருபது மணி நேரமும் அதற்குக் கடனும் பராமரிப்பும் கட்ட வேண்டும். ஓடும் நாலு மணிக்கும் டொலர். 2022இல் எங்களைக் கவிழ்த்தது நிலையத் தட்டுப்பாடு என்பதைவிட எரிபொருள் தட்டுப்பாடு. நிலையங்கள் இருந்தன, ஊற்ற எண்ணெய் இல்லை.

"இயற்கை வாயு வந்தால் மலிவாகும்" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. கெரவலப்பிட்டியில் 300 மெகாவாட் யுகதனவி நிலையம் பிறகு வாயுவுக்கு மாறும் என்ற எதிர்பார்ப்போடுதான் கட்டப்பட்டது. 2010இல் முழுமையாக இயங்கத் தொடங்கியதிலிருந்து அது குடித்தது எண்ணெய்தான். இருக்கும் எண்ணெய் நிலையங்களைப் பழுதில்லாமல் காப்பில் வைத்திருப்பது வேறு கதை, அது வேண்டும். வறட்சி வருடத்தில் வாரக்கணக்கில் தாங்க அவை தேவை.

சேமித்து வைப்பது: பற்றரி, மகா ஓயா, வடம்

பகலில் மிஞ்சுகிறது, மாலையில் குறைகிறது என்றால் சேமித்து வை என்பதுதான் யாரும் முதலில் சொல்வது. எப்படி என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

பற்றரிக்கு இரண்டு குணம். ஒன்று, பகலில் ஏற்றி மாலையில் இறக்கும். போட்டதில் ஏறத்தாழ 15 வீதம் போக்குவரத்திலேயே கரையும், பரவாயில்லை. மற்றது இன்னும் பெறுமதி: அதிர்வெண் ஆடத் தொடங்கியதும் கண் இமைக்கும் நேரத்துக்குள் மின்சாரத்தைத் தள்ளும். பெப்ரவரி 9 அன்று நல்ல பற்றரித் தொகுதி ஒன்று இருந்திருந்தால் நாடு இருண்டிருக்காது என்று அடித்துச் சொல்லமாட்டேன். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் அவை உலகெங்கும் வாங்கப்படுகின்றன என்று மட்டும் சொல்லலாம். உப மின்நிலைய வளவுக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கலாம். மலையைக் குடையத் தேவையில்லை, இடம் பார்த்து ஒப்பந்தம் போட்டால் ஓரிரு வருடத்தில் முடிகிற வேலை. டொலர் ஒரு தடவை போகும், பிறகு பதினைந்து வருடத்துக்குள் மறுபடி போகும்.

குறை என்ன? 100 மெகாவாட் பற்றரி நாலு மணி நேரம் ஓட 400 மெகாவாட் மணி நேரக் கொள்ளளவு வேண்டும். எண்ணெய் நிலையத்தில் தாங்கியை நிரப்பினால் ஐந்தாவது மணியும் ஓடும், பற்றரி ஓடாது. வேலைநாட்களில் பகல் மிச்சம் அவ்வளவாக இல்லை, ஏசியும் தொழிற்சாலையும் எடுத்துக்கொள்கின்றன. ஞாயிறுக்கும் விடுமுறைக்கும் மட்டும் என்று அளவு பார்த்து வாங்கினால் மிச்ச நாட்களில் பாதி வயிற்றோடு நிற்கும். அதனால் ஒரேயடியாகப் பெரிதாக வாங்காமல், சோலர் நெருக்கமாக உள்ள பகுதிகளில் துண்டு துண்டாக வைத்துக்கொண்டே போவது புத்தி.

மகா ஓயாத் திட்டம் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கப் பக்கம். கீழே ஒரு குளம், மேலே ஒரு குளம். மிச்ச நேரத்தில் தண்ணீரை மேலேற்றி, உச்ச நேரத்தில் விழவிட்டு 600 மெகாவாட். காகிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த திட்டம் இதுதான். ஐம்பது வருடம் உழைக்கும், சுழலும் பாரம் தரும், பற்றரி போல் பத்துப் பதினைந்து வருடத்தில் தேயாது. ஆனால் 2016 மே மாதம் மண்சரிவு பல கிராமத்தவரைப் புதைத்ததும் அதே அரநாயக்கப் பகுதியில்தான். உமா ஓயா நீர்மின் திட்டத்துக்குச் சுரங்கம் குடைந்தபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றிச் சுவர்கள் வெடிப்பு விட்டதையும் மறக்கக்கூடாது. ஆய்வைப் பொறுமையாகச் செய்யவேண்டிய இடம் அது. அப்படிச் செய்தால் இந்த நாலைந்து வருடத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் மேலேறாது. இப்போதைய கேள்விக்கு அது பதிலாகாது.

இந்தியாவுக்கு வடம் போடுவது பல தசாப்தப் பேச்சு: மதுரைப் பக்கம் தொடங்கி, மன்னார்க் கடலைத் தாண்டி, வடக்கில் ஏறும். தமிழர்கள் இதை அரசியலாகப் பார்ப்பது இயல்பு. நான் கடிகாரமாகப் பார்க்கிறேன். கொழும்பும் சென்னையும் கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில் இருக்கின்றன. 2006க்குப் பிறகு கடிகாரமும் ஒன்றுதான். எங்களுக்கு வெயில் மிஞ்சும்போது தமிழ்நாட்டுக்கும் மிஞ்சும். எங்களுக்கு ஏழு மணி இடிக்கும்போது அவர்களுக்கும் இடிக்கும். மிச்சத்தை விற்கப்போனால் சந்தையில் விலை விழுந்திருக்கும், வாங்கப்போனால் ஏறியிருக்கும். வடத்தின் லாபம் வேறிடத்தில் இருக்கிறது: வறட்சி வருடத்தில் கிடைக்கும் தெம்பு, மன்னார்க் காற்றாலை மின்சாரத்தை விற்க ஒரு வழி, பெரிய அண்ணனின் தோளில் சாய்ந்து நிற்கும் உறுதி. நல்ல விடயங்கள்தான். மாலை உச்சத்துக்கு மருந்தென்று அதை விற்பதுதான் பிழை.

விலையை நகர்த்துவது

என் காசை நான் முதலில் வைக்கும் இடம் இது. நேரத்துக்கு ஏற்ற கட்டணம் இலங்கைக்குப் புதிதில்லை. பெரிய தொழிற்சாலைகளும் ஹோட்டல்களும் பல வருடமாக அதில்தான் இருக்கின்றன: மாலை 6.30 முதல் 10.30 வரை உச்சம், இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மற்றது பகல். விரும்பினால் வீட்டுக்காரரும் அதற்கு மாறலாம் என்று கட்டண அட்டவணையில் இருக்கிறது. மாறியவர்களை விரல் விட்டு எண்ணலாம் போல. எனக்குத் தெரிந்த ஒருவரும் இல்லை. மிச்ச எல்லாருக்கும் படிமுறைக் கட்டணம். மாதம் 30, 60, 90 அலகு என்று படி ஏற ஏற விலை ஏறும், 180க்கு மேல் கடைசிப் படி. ஏழையைக் காப்பாற்றுவதில் அது நியாயமான முறை. நேரம் மட்டும் அதற்குத் தெரியாது.

அட்டவணையின் வடிவமும் பழசாகிவிட்டது. நடு இரவை மலிவாக வைத்தது நுரைச்சோலையை இரவில் அணைக்க முடியாது என்ற காலத்து யோசனை. இப்போது மலிவாக இருக்கவேண்டியது முற்பகல் ஒன்பது முதல் பிற்பகல் மூன்று வரை. இந்தியாவில் 2023இல் கொண்டுவந்த விதிகள் சூரிய நேரத்தைத் தனியாகப் பிரித்து மலிவாக்கச் சொல்கின்றன. இங்கே இன்னமும் ஞாயிறு பகல் பன்னிரண்டும் புதன்கிழமை மாலை ஆறும் ஒரே "பகல்" விலையில் கிடக்கின்றன.

வீட்டில் எதைத்தான் நகர்த்த முடியும் என்று கேட்பார்கள். எங்கள் வீட்டையே எடுக்கிறேன். தண்ணீர் மோட்டர் மாலை ஆறரைக்குப் போடுவதுதான் வழக்கம். கிணற்றுக்கும் தாங்கிக்கும் நேரம் தெரியாது, எங்களுக்குத்தான் பழக்கம். இரண்டு பிள்ளைகளின் வெள்ளை யூனிபோமை ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு அயன் பண்ணுவோம், 1,000 வாட். சனி பகலில் ஐந்து சோடியையும் ஒன்றாகப் பண்ணினால் அயன்பெட்டி ஒரு தடவைதான் சூடாக வேண்டும். சலவை இயந்திரம் எப்போதும் நகரக்கூடியது. புட்டும் இடியப்பமும் நகராது. அது இரவுச் சாப்பாடு, அதிலே கை வைக்க மாட்டேன். ஃபான், விளக்கு, டீவி நகராது. ஆக, எங்கள் ஏழு மணிப் பாவனையில் மூன்றில் ஒரு பங்கு நகரும் என்று தோராயமாகச் சொல்வேன். விலை வித்தியாசம் இல்லாததால் ஒன்றையும் நாங்கள் நகர்த்தியதில்லை. நீங்கள் நகர்த்தியிருந்தால் என்னைவிட நல்ல மனிதர்.

மாதம் 60 அலகு எரிக்கும் வீட்டைப் பாருங்கள். இரண்டு மின்குமிழ், ஒரு ஃபான், ஒரு டீவி, எல்லாம் ஏழு மணிக்கு. நகர்த்த அங்கே ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்கு உச்ச நேர விலை போட்டால் அது இன்னொரு விலையேற்றம், அவ்வளவுதான். 2022லும் 2023லும் ஏறிய கட்டணங்களின் காயம் ஆறாத வீடுகள் அவை. அவர்களைப் பழைய படிமுறையில் விட்டுவிட வேண்டும். கடைசிப் படியில் இருப்பவர், சோலர் வைத்திருப்பவர், மின்கார் வைத்திருப்பவர், குளிர் அறை வைத்திருக்கும் கடைகள், அரசாங்கக் கட்டடங்கள்: நேரக் கட்டணம் கட்டாயம் இவர்களுக்குத்தான். இவர்களின் எண்ணிக்கை குறைவு, மாலையில் இழுப்பது அதிகம், மீட்டர் மாற்றும் செலவும் அதற்கேற்பக் குறைவு.

சோலர் விடயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே சண்டை வரும். 2010இல் வந்த நெட் மீட்டரிங் முறையில் நீங்கள் பகலில் கொடுத்த ஒரு அலகுக்கு இரவில் ஒரு அலகு திருப்பி எடுக்கலாம். சபை உங்களுக்கு வாடகை இல்லாத பற்றரி. 2016இல், கூரைச் சோலரை ஊக்குவிக்க அரசாங்கம் தொடங்கிய சூரிய பல சங்ராமய திட்டத்தோடு வந்த அடுத்த முறையில் மிச்ச அலகுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா, பிறகு 15.50. இரண்டிலும் நேரம் இல்லை. என் மச்சான் வீட்டுக் கூரையில் 5 கிலோவாட் இருக்கிறது. "ராத்திரி ஏசி எனக்கு ஃப்ரீ" என்பார். அவருக்கு ஃப்ரீதான், ஏழு மணி அலகின் செலவை எங்களைப் போன்ற, கூரையில் ஒன்றும் இல்லாதவர்கள் பகிர்ந்து கட்டுகிறோம்.

அதற்காக அவர் ஒப்பந்தத்தை முறிக்கச் சொல்வது அநியாயம். கடன் எடுத்துப் போட்டவர்கள், அரசாங்கம் கூப்பிட்டுத்தான் போட்டார்கள். இனிமேல் வரும் இணைப்புகளுக்கு நேரத்தை வைத்து விலை பேசலாம்: நண்பகல் அலகுக்குக் குறைவு, ஏழு மணி அலகுக்கு நன்றாகக் கூட. அப்போது வீட்டுப் பற்றரியை மக்கள் தங்கள் காசிலேயே வாங்குவார்கள். மேலே சொன்ன பற்றரிச் செலவில் ஒரு பங்கு திறைசேரியை விட்டு இறங்கும்.

இந்தத் தெரிவின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் நிலையத்தைக் கிளப்பினால் 100 மெகாவாட் வரும் என்பது நிச்சயம். விலையை மாற்றினால் எத்தனை பேர் மோட்டரை நகர்த்துவார்கள் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் அரசாங்கக் கட்டடங்களையும் குளிர் அறைகளையும் முதலில் சொன்னேன். அங்கே ஒரு பொறியியலாளர் ஒரு டைமரை மாற்றினால் காரியம் முடிந்தது. குளிர் அறையைப் பகலில் இரண்டு பாகை கூடுதலாகக் குளிராக்கிவிட்டு ஏழு மணிக்கு ஓய்வு கொடுக்கலாம். உள்ளே இருக்கும் மீனுக்கு ஒன்றும் தெரியாது.

சாதனங்கள்

நாட்டில் ஏறத்தாழ 60 இலட்சம் வீட்டு இணைப்புகள். பழைய மின்விசிறி 70 வாட் இழுக்கும்; குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டர் உள்ள புது வகை மின்விசிறி அதே காற்றுக்கு 30 வாட். பாதி வீடுகளில் ஏழு மணிக்கு ஒரேயொரு மின்விசிறி மாறியிருக்கிறது என்று வையுங்கள். 40 வாட், 30 இலட்சம் வீடு: 120 மெகாவாட். உமா ஓயாவின் கொள்ளளவும் 120 மெகாவாட்தான். அது திறக்கப்பட்டது 2024இல், வேலை தொடங்கி ஒரு தசாப்தத்துக்கு மேல் கழித்து, எத்தனையோ கிணறுகளின் கதை முடிந்த பிறகு. உமா ஓயா தண்ணீரும் தருகிறது, அதனால் முழு ஒப்பீடு இல்லை. உச்சத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே எடை. இன்னொரு சலுகையும் உண்டு. கம்பியில் போகும் வழியில் ஏறத்தாழ 9 வீதம் இழக்கிறோம், உச்ச நேரத்தில் கம்பி சூடாகி அதைவிடக் கூட. வீட்டில் மிச்சமாகும் 120 என்பது நிலையத்தில் 130க்கு மேல்.

ஆனால் எல்லாச் சாதனமும் ஏழு மணிக்கு ஒரே மாதிரி உதவாது. விளக்கு முழுக்க மாலைக்குரியது. அதிலோ லாபத்தில் பெரும்பகுதியை எல்ஈடி ஏற்கெனவே எடுத்துவிட்டது, தெருவிளக்குகளில்தான் இன்னும் மிச்சம் கிடக்கிறது. மின்விசிறி மாலையும் இரவும். படுக்கையறை ஏசி ஒன்பது மணிக்குத் தொடங்கும். ஃபிரிட்ஜ் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுவது. மாற்றினால் பில் நன்றாகக் குறையும், ஏழு மணியில் குறைவது கொஞ்சம், ஞாயிறு நண்பகலை ஒரு துளி மோசமாக்கவும் செய்யும். விளம்பரங்களில் "வருடத்துக்கு இத்தனை அலகு மிச்சம்" என்று போடுவதைப் பார்த்து மானியம் கொடுத்தால் ஃபிரிட்ஜ்தான் வெல்லும். நான் மின்விசிறிக்குத்தான் கொடுப்பேன்.

தடையாக நிற்பது விலை. புது வகை மின்விசிறி பழையதைப்போல இரண்டு மடங்கு. வாடகை வீட்டில் இருப்பவர் வாங்கமாட்டார், வீட்டுச் சொந்தக்காரருக்கு அக்கறையில்லை. மாதப் பில்லோடு தவணையாகக் கழித்தால் இது தீரும், ஏனென்றால் தவணையைவிட மிச்சம் கூட வரும்படி கணக்கைப் போடலாம். இங்கே ஓடும் ஏசியும் ஃபிரிட்ஜும் பெரும்பாலும் வெளியே இருந்து வருபவை. அவற்றில் மோசமான தரத்தைத் துறைமுகத்திலேயே நிறுத்தினால் வீடு வீடாகப் பிரசாரம் தேவையில்லை.

என் வரிசை

முதலில் கட்டண அட்டவணையைத் திருத்துவது. அதற்கு வேண்டியது ஒரு தீர்மானமும், சிலருக்குப் புது மீட்டரும். கூடவே மின்விசிறித் தவணை. இரண்டாவதாகச் சோலர் நெருக்கமான உப மின்நிலையங்களில் பற்றரி, முதல் வேலை அதிர்வெண்ணைத் தாங்குவது, இரண்டாவது வேலை மாலை உச்சம். எண்ணெய் நிலையங்கள் இருப்பவை இருக்கட்டும், புதிது வேண்டாம். மகா ஓயாவுக்கு ஆய்வுக் காசை மட்டும் கொடுத்து அவசரப்படுத்தாமல் விடுவது. வடத்தைத் தனிக் கணக்காகப் பேசுவது.

இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்தால் இந்த வரிசை தடுமாறும், ஒப்புக்கொள்கிறேன். அப்போது பிரச்சினை எந்த மணி என்பதிலிருந்து மொத்தத்தில் எத்தனை அலகு என்பதற்கு மாறிவிடும். பற்றரி வெறும் பெட்டி, வடமும் எண்ணெயும் முன்னுக்கு வரும், என் ஃபிரிட்ஜ் கணக்கும் தலைகீழாகும்.

அவசரம் ஒன்று இருக்கிறது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மறுபடி திறந்ததிலிருந்து மின்கார்கள் வந்துகொண்டிருக்கின்றன. வீட்டில் பூட்டும் 7 கிலோவாட் சார்ஜர் ஒன்று நூறு பழைய மின்விசிறிக்குச் சமம். வேலை முடிந்து ஆறரைக்கு வீட்டுக்கு வருபவர், காரை நிறுத்தியதும் செருகிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். பத்தாயிரம் பேர் அப்படிச் செய்தால் 70 மெகாவாட். இன்றைக்கு அவர்கள் ஒவ்வொருவரும் சார்ஜர் பூட்டுவதற்கு முன் மின்னிணைப்பின் கொள்ளளவை யோசிக்க வேண்டியிருக்கிறது, பலர் கூட்டித் தரும்படி விண்ணப்பிக்கிறார்கள். அந்த விண்ணப்பத்துக்கு ஆள் அனுப்பும் அன்றே நேர மீட்டரையும் பூட்டிவிடலாம். இன்னொரு தடவை படலையைத் தட்டத் தேவையில்லை.